களை எது, பயிர் எது?

சென்ற பருவத்தில் எம் பள்ளி மாணவர் சிலரைத் தஞ்சோங் காராங் வயல்வெளிக்கு அழைத்துச் சென்றேன். செம்பனை நிழலில் வளரும் தோட்டத்துப் பிள்ளைகள். நெல் வயலை அருகில் நின்று கண்டவர் சிலரே. கதிர் விட்ட வயலில் உழவர் ஒருவர், நெல்லுக்கிடையே நின்ற நெல்லையே அறுத்து எறிந்துகொண்டிருந்தார். "ஐயா, நெல்லை ஏன் களையெடுக்கிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு ஒரு வரியில் விடை கூறல் இயலாது. அவ்விடைக்குள் ஒரு வரலாறு அடங்கியுள்ளது.

களை என்பது ஒரு செடியின் பெயரன்று. களைதற்குரியது எதுவோ, அதுவே களை. அது பயிருக்குரிய நீரையும் எருவையும் பங்கிட்டுக்கொள்ளும் என்பது யாவரும் அறிந்ததே. அதனினும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. வைரஸ் எனப்படும் நச்சுயிரி, உயிருள்ள உடலுக்குள்தான் பெருகும். ஒரு பயிர் அறுவடையாகி மறுபயிர் தலையெடுக்கும்வரை அதற்குப் புகலிடம் வேண்டும். உருளைக்கிழங்கைத் தாக்கும் 'ஒய்' நச்சுயிரி, விதைக்கிழங்கில் தங்குவதோடு, அதே குடும்பத்து மணத்தக்காளியிலும் தங்கும். அங்கிருந்து அசுவினி அதனைப் பயிருக்குக் கொண்டு செல்லும். நாம் கீரையென்று போற்றுவது, கிழங்கு பயிரிடுவோனுக்குக் களையாகிறது.

நம் நாட்டு நெல்லுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1930களில் பேராக் மாநிலத்துக் கிரியான் வட்டாரத்தில், நெற்பயிர் குன்றி, இலை மஞ்சளும் செம்மையுமாய் மாறும் நோய் காணப்பட்டது. மலாய்க்காரர் அதனைப் 'பென்யாக்கிட் மேரா', அதாவது சிவப்பு நோய் என்றனர். நெடுங்காலம் அதனை மண்ணின் குறையென்றே கருதினர். 1965ஆம் ஆண்டில் ஊ, ரிவேரா, நவரத்தினம், கோ என்னும் ஆய்வாளர் நால்வர், அது நச்சுயிரியால் வரும் நோயே என எடுத்துக்காட்டினர். பிலிப்பைன்சில் துங்ரோ என வழங்கும் நோயோடு அது ஒத்திருந்தது. அதுவரை பழியைச் சுமந்தது மண்.

துங்ரோவைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. அதனால் நச்சுயிரியைச் சில நாட்களே சுமக்க இயலும். தன் குஞ்சுகளுக்கும் அது நோயை வழங்குவதில்லை. ஆகவே நோய் தங்குமிடம் ஒரு செடியாகவே இருத்தல் வேண்டும். ஆய்வாளர் வரப்புப் புற்களைச் சோதித்தனர். சிலவற்றில் நோய் தங்கியது; எனினும் சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபடவில்லை. முதன்மையான புகலிடம் வேறிடத்தில் இருந்தது. அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பும், சிந்திய மணியில் முளைக்கும் நெல்லுமே அது. இருபோகச் சாகுபடி பரவி, அடுத்தடுத்த வயல்களில் வெவ்வேறு காலத்தில் நட்டபோது, பச்சை நெல் இல்லாத நாளே இல்லையாயிற்று. 1980களின் தொடக்கத்தில் கெடாவின் மூடா வட்டாரத்தில் துங்ரோ பெருகியது. அனைவரும் ஒரே காலத்தில் நடுதல், தாளை உழுது மடக்குதல், இடையே வயலை ஆறப்போடுதல் ஆகியவையே மருந்தாயின.

வட சிலாங்கூரில் கதை மேலும் ஒரு படி சென்றது. நடவுக்கு ஆள் குறையவே, 1980களில் நேர்விதைப்பு பரவியது. நாற்று வரிசைக்கு வெளியே முளைத்ததைக் களையென்று முன்பு எளிதில் அறிந்தனர். விதைப்பு வயலில் அவ்வடையாளம் மறைந்தது. 1988ஆம் ஆண்டில், வடமேற்குச் சிலாங்கூர் நெற்திட்ட வயல்களில் 'பாடி அங்கின்' என்னும் காற்று நெல் பதிவாயிற்று. மணி முற்றியதும் உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும் நெல் அது. பயிரும் அதுவும் ஓரினமாதலின், நெல்லை விடுத்துக் களையை மட்டும் கொல்லும் மருந்து அதனிடம் பலிக்கவில்லை. மருந்தைத் தாங்கும் நெல்வகை 2010இல் வந்தது. பின்னர் அம்மருந்துக்கும் அடங்காத காற்று நெல் சில வயல்களில் காணப்பட்டது. ஓரினமாதலின், நெல்லின் நோய்க்கும் அது அயல்வீடன்று.

இவ்வரலாற்றை மாணவியிடம் கூறுகையில் என் பிழையும் நினைவுக்கு வந்தது. எம் பள்ளித் தோட்டத்தில் காய்த்து ஓய்ந்த மிளகாய்ச் செடிகளை விடுமுறைக்கு முன் பிடுங்காமலே விட்டுச் செல்வேன். புதுத் தவணையில் நட்ட கன்றுகளின் இலை சுருண்டபோதெல்லாம் மண்ணையே பழித்தேன், எருவை மாற்றினேன். வேலியோரத்தில் நின்ற பழைய செடியை ஐயுறவில்லை. நாமே நட்டதல்லவா!

வள்ளுவர் உழவு அதிகாரத்தில், களை கட்டபின் நீர் பாய்ச்சுதலினும் காவல் நன்றென்கிறார். அக்காவல் ஆடுமாட்டுக்கு மட்டுமன்று எனலாம். இவ்வாண்டு விடுமுறைக்கு முன்னாள், அம்மாணவியே முதற்செடியைப் பிடுங்கினாள்.