பற்களை நகர்த்திய வரலாறு



வாயை மூடிக் கடிக்கும்பொழுது மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைச் சிறிது மறைத்து நிற்பது இயற்கை. அம்மறைப்பு 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பின் குறையொன்றுமில்லை. அளவு மிகுந்துவிட்டாலோ, கீழ்ப்பற்களின் முனைகள் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்குதலும் உண்டு. இதனை 'ஆழ்கடி' எனலாம். இக்குறையைத் தீர்க்க மாந்தர் முயன்ற வரலாறு, பௌதிகம் பயிலும் உங்களுக்குப் பெரிதும் பயன்படும் என்று கருதுகிறேன்.

1728 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபோஷார் பல் மருத்துவம் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். துளையிட்ட உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையை அதில் விளக்கினார். 1880 இல் அமெரிக்கராகிய நார்மன் கிங்ஸ்லி எழுதிய நூலும் புகழ்பெற்றது. மேலண்ணத்தில் சரிவான தட்டொன்றைப் பொருத்தி, கீழ்ப்பற்கள் அதன்மேல் படுமாறு செய்தவர் அவர். இவ்வகைத் தட்டை அணிந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடமாட்டா. நாளடைவில் அவை சற்றே உயரும். கடியின் ஆழமும் குறையும்.

எலும்பில் ஊன்றிய பல் எவ்வாறு நகர்கிறது? சுவீடன் நாட்டுக் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904 ஆம் ஆண்டையொட்டி நாய்களிடம் ஆய்வு செய்து இதற்கு விடை கண்டார். அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு தோன்றுகிறது. விசை மிகுந்தாலோ அழுத்தப்பட்ட திசு உயிரற்றுப் போகிறது. பல்லின் நகர்ச்சியும் தடைப்படுகிறது. ஆதலின் வன்மையைவிட மென்மையே இங்குப் பயன் தருவது. முன்பல் ஒன்றை எலும்பினுள் அமிழ்த்த 10 முதல் 20 கிராம் எடையளவு விசையே போதும் என்பது இன்றைய கணக்கு. இவ்வளவு மெல்லிய விசையைக் கம்பியால் அளிக்கும் முறையை 1977 இல் சார்லஸ் பர்ஸ்டன் தெளிவுற விளக்கினார்.

கம்பியின்றியே பற்களை நகர்த்தும் எண்ணமும் பழையதே. 1945 இல் ஹெரால்டு கெஸ்லிங் ரப்பரால் ஆன உறையைச் செய்தார். 1997 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம், கணிப்பொறியின் துணையால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகளை வரிசையாகச் செய்யலாயிற்று. ஒவ்வோர் உறையும் பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும்.

ஆனால் ஆழ்கடி இவ்வுறைகளுக்கு எளிதில் இணங்கவில்லை. காரணம் யாது? நியூட்டனின் மூன்றாம் விதியே. கீழ் முன்பற்களை உறை கீழ்நோக்கி அழுத்தும்பொழுது, பற்கள் உறையை மேல்நோக்கித் தள்ளுகின்றன. உறை கழன்றுவர முயல்கிறது. இதைத் தடுக்கவே முன்கடைவாய்ப் பற்களில் பல்நிறப் பசையால் சிறு மேடுகளை ஒட்டி, உறை பற்றிக்கொள்ளச் செய்கின்றனர். மேலும், கடைவாய்ப் பற்களுக்கு இடையே மேலுறை, கீழுறை ஆகிய இரண்டும் இருப்பதால், கடிக்கும்போதெல்லாம் அப்பற்கள் உள்ளே அழுந்துகின்றன. கடியைத் திறப்பதற்கு இது மாறானது. ஆகவே மேல் முன்பற்களின் பின்புறத்தே உறையில் சிறு திண்டுகளை அமைக்கின்றனர். கீழ்ப்பற்கள் அத்திண்டில் படுகையில் கடைவாய்ப் பற்கள் விலகி நிற்கும். பழைய தட்டின் தத்துவமே புதிய உறையினுள்ளும் புகுந்ததைக் காண்கிறீர்கள் அல்லவா? இத்தனை செய்தும், கணிப்பொறித் திரையில் காட்டிய அளவுக்குப் பற்கள் முழுமையாக அமிழ்வதில்லை. அதனால் மருத்துவர்கள் தேவைக்குச் சற்று மேலாகவே திட்டமிடுகின்றனர்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். பல்லோடு ஒட்டிய கம்பி, அணிந்தவர் மறந்தாலும் தன் வேலையைச் செய்யும். உறையோ கழற்றக்கூடியது, நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தாலன்றிப் பயன் தராது. ஆகவே, மருத்துவரின் கணக்கு எத்துணை நுட்பமாயினும், அதன் பயன் அணிபவரின் ஒழுங்கைப் பொறுத்தே அமைகிறது. கருவி புதிதாகலாம், எலும்பு கரைந்து வளரும் வேகத்தையும் விசையின் விதியையும் எக்கருவியும் மீற இயலாது. புதிய பொறி எதைக் கண்டாலும், "இதன் எதிர்விசை எங்கே செல்கிறது?" என்று கேட்கப் பழகுங்கள். அக்கேள்வியே உங்களை அறிவியலின் வாயிலுக்கு அழைத்துச் செல்லும்.