தேறினால் பணம்

தேர்வு என்றால் மாணவர் அஞ்சுவது உலக இயல்பு. மாணவரைக்காட்டிலும் ஆசிரியர் மிகுதியாக அஞ்சிய ஒரு காலமும் நம் நாட்டில் இருந்தது. சிறுவன் ஒருவன் கணக்கில் தவறினால் அவ்விழப்பு அவனோடு நின்றுவிடாது. ஆசிரியர் வீட்டு உலைப்பானை வரைக்கும் சென்று எட்டும். எத்தனை பிள்ளைகள் தேறினரோ அத்தனைக்குத்தான் பள்ளிக்கு அரசினர் பணம் கொடுத்தனர். அந்த முறை எங்கிருந்து வந்தது, இங்கே என்ன செய்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நான் வாழும் கெங்குவார்பட்டி, கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். 1996ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் உருவாகும்வரை அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய வீடுகள் சிலவற்றில் திண்ணைகள் இன்னும் எஞ்சியுள்ளன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இத்தகைய ஊர்களில் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு திண்ணையே. மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன், பின்னர் ஏட்டையும் எழுத்தாணியையும் கையில் எடுப்பான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லுவான். எண்சுவடி முழுவதையும் மனப்பாடம் செய்தல் வேண்டும். நெல்லளவு, நில அளவு, பொன் நிறை ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். மா என்பது இருபதில் ஒரு பங்கு. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. முந்திரி என்பதோ முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இந்நுண்ணிய பின்னங்களைப் பத்து வயதுச் சிறுவன் தாளும் கோலும் இன்றி மனத்திலேயே பெருக்கிச் சொல்லுவான்.

அவ்வாசிரியர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? ஊராருக்குத்தான். பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த நெல்லும் காசும், நவராத்திரி நாள்களில் மாணவர்கள் வீடுதோறும் பாடிச் சென்று பெற்றுவந்த கொடையுமே அவருடைய வருவாய். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது பையனை அழைத்துக் கணக்குக் கேட்டால், ஆசிரியரின் திறமை அங்கேயே விளங்கிவிடும். அதனை நான் பொற்காலமாக வருணிக்க விரும்பவில்லை. பிரம்படிக்குக் குறைவில்லை. பெண் குழந்தைகளுக்கும், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கும் அத்திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. அவர்களைப் பொறுத்தவரை அப்பள்ளி இருந்ததும் இல்லாததும் ஒன்றே.

சென்னை மாகாணத்தின் ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822இல் மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளை எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் தொகை கிடைத்தது: பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களுமாக 12,498, மாணவர் 1,88,650 பேர். மக்கள்தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேல். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது கணக்கு. மன்றோ எண்ணத்தான் செய்தார். அப்பள்ளிகளில் எவரையும் தேர்வுக்கு உட்படுத்தவில்லை.

தேர்வு பின்னால் வந்தது, அதுவும் கப்பலேறி வந்தது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்னும் அமைச்சர் புதிய விதி ஒன்றைச் செய்தார். பொது மக்களின் வரிப்பணம் பள்ளிகளில் வீணாகலாகாது என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை ஒன்றுக்கு, அதன் வருகைக்காக நான்கு ஷில்லிங். தேர்வுக்காக எட்டு ஷில்லிங். படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினால், அந்த எட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதனை வன்மையாக எதிர்த்தார். படிப்பு இயந்திரத்தன்மை அடைந்துவிட்டது என்றும், குழந்தைகள் வாசிப்புப் புத்தகத்தை நெட்டுருச் செய்து ஒப்பித்தே தேறிவிட முடியும் என்றும் அவர் தம் அறிக்கைகளில் முறையிட்டார். உள்ளே இருந்து வேலை செய்தவரின் சொல் அது; ஆயினும் கேட்பார் இல்லை.

இதற்குள் இந்தியாவில் 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மானியம் அளிக்கும் வழியைத் திறந்திருந்தது. 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணமும் லோவின் முறையைக் கைக்கொண்டது. 1871இல் தலத்து நிதிச் சட்டம் வந்தபின், சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் அம்முறையிலேயே பணம் சென்றது. திண்ணை ஆசிரியர் முதன்முறையாக ஊராரை விட்டு, எப்போதோ ஒருநாள் வந்து செல்லும் ஆய்வாளரை எதிர்நோக்கத் தொடங்கினார். அவர் கேட்பவை குறித்த பாடநூலும் குறித்த கணக்கும். பையன் களத்துமேட்டில் என்ன அறிவான் என்பதை அவர் கேட்கமாட்டார். அதற்குப் பணமும் இல்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. அதனை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கும். 'பொருளறியாமல் உருப்போடுகிறார்கள்' என்பதே திண்ணைப் பள்ளியின்மேல் ஆங்கிலேயர் சுமத்திய பெருங்குற்றம். ஆனால் திண்ணைச் சிறுவன் உருப்போட்டது, வயலிலும் கடையிலும் எடுத்தாள்வதற்காக. புதிய முறையில் உருப்போட்டதோ ஆய்வாளர் வரும் ஒரு நாளுக்காக. உருப்போடுதல் அப்படியே இருந்தது; அதன் பயன் மட்டும் இடம் மாறியது. மந்தமான மாணவனுக்காக ஆசிரியர் செலவிடும் நேரமும் இப்போது வரவு செலவுக் கணக்காயிற்று. உறுதியாகத் தேறுவான், முயன்றால் தேறுவான், தேறவே மாட்டான் என மூவகையாக மாணவரைப் பிரித்துப் பார்க்க எந்த ஆசிரியருக்கும் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை, பசியே கற்பித்துவிடும். மூன்றாம் வகையினனே கல்வி மிகுதியாக வேண்டப்பட்டவன் என்பது வேறு செய்தி.

1882இல் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழு இம்முறையை ஆராய்ந்தது. கல்லூரிகளுக்கு இது பொருந்தாது என்று அது கூறியது. நாட்டுப்புறப் பள்ளிகளுக்கோ இதுவே ஏற்றது என்று பரிந்துரைத்தது! கல்லூரிப் பேராசிரியருக்கு ஆகாத மருந்து, திண்ணை ஆசிரியருக்கு மட்டும் எங்ஙனம் ஆகும் என்பதைக் குழுவினர்தாம் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலேயே 1890களில் இம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1904ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கர்சன் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் இதனைக் கைவிடச் சொல்லிற்று. சென்னையும் அதன் பின்னர் விட்டொழித்தது.

முறை போயிற்று; அதன் பின்னணியில் இருந்த எண்ணம் போகவில்லை. அமெரிக்காவில் 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, ஆண்டுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளிகளைத் தண்டிக்க வழி செய்தது. 2015இல் அதற்கு மாற்றாக வேறு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பட்டியலை வெளியிடும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அறிவித்தனர். பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத் தேர்வா என்று பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காடு இன்றும் வெளிவருகிறது. அது வெளியாகும் நாளில், தேனி எத்தனையாவது இடம் என்று எங்கள் ஊர்த் தேநீர்க்கடையிலும் கேட்கிறார்கள். தேறாத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அங்கே யாரும் கேட்டு நான் இன்னும் அறியேன்.