பங்கு வாங்கியவரின் துணிவு

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். அவருடைய கப்பல் நிறுவனத்தின் பங்குகளில் ஐந்தில் ஒரு பகுதியை வாங்கியவர் ஒரு முஸ்லிம் வணிகர் என்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்?

1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. முதல் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் மட்டுமே பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார்.

அன்றைய 2 இலட்சம் பெருந்தொகை. அதனினும் பெரிது, எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் வலிமை. தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி அதன் கையில் இருந்தது. ஆட்சியாளரின் ஆதரவும் அதற்கே. சுதேசி நிறுவனம் பம்பாயின் ஷா லைன் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தியபோது, ஆங்கிலேயரின் நெருக்கடிக்கு அஞ்சி உரிமையாளர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனிச் சொந்தக் கப்பலே வழி என்றாயிற்று. பங்குதாரர் கொடுத்த பணத்தின் அருமை அப்போதுதான் விளங்கியது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

மார்க்கச் சட்டநூல்களில் கூட்டு வாணிபப் பாடம் நடத்தும் எமக்கு இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடன் கொடுத்தவருக்குத் தொழில் நட்டமடைந்தாலும் தொகை திரும்ப வர வேண்டும். பங்கு கொண்டவரோ நட்டத்தையும் சுமக்கிறார். இன்றும் நம் ஊர்களில் தொழில் தொடங்கும் இளைஞருக்குக் கடன் தர முன்வருவோர் உண்டு. "நட்டம் வந்தால் எனக்கும் பங்கு" என்பார் அரியர்.

போட்டி கடுமையாயிற்று. வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாக்கியது. பின்னர் வெள்ளையர் இலவசமாகவே ஏற்றிச்செல்ல முன்வந்தனர். உடன் ஒரு குடையும் தருவதாகக் கூறினர்! ஆயினும், காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியோர் இருந்தனர். அவர்களும் இவ்வணிகத்தின் பங்காளிகளே. அவர்களின் பெயர்கள்தாம் ஏட்டில் இல்லை.

1908 மார்ச் 12 அன்று சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். சூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; பின்னர் அது குறைக்கப்பட்டது. பயணிகள் காட்டிய உறுதியை, அவர் சிறை சென்றபின் நிர்வாகம் காட்டவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. காலியா அந்தப் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையான சிதம்பரனாருக்குத் திரும்பிச் செல்லக் கப்பலும் இல்லை, அலுவலகமும் இல்லை.