அபினும் அவசரமும்

1880இல் ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு ரிக்‌ஷா வந்தது. அதை இழுத்தவர்கள் சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். வெயிலோ மழையோ, ஓடினால்தான் காசு. இரவில் நெரிசலான வாடகை அறையில் படுத்து அபின் புகைத்தார்கள். அபின் வலியைக் குறைக்கும், இருமலை அடக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும். அந்த உடல்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான் என்றுகூடச் சொல்லலாம். மறுநாள் மறுபடி ஓடணும். ஓட முடிவதற்கும் அபின்தான் வேணும்.

இதில் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் சங்கடமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. முதலில் குத்தகைக்காரர்கள் விற்றார்கள். 1910 முதல் அரசாங்கமே தயாரித்து, அரசாங்கமே விற்றது. துறைமுகம் வேகமாக ஓட வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் அடிபட்டவனுக்கு மயக்கத்தையும் துறைமுகத்தை ஆண்டவர்களே விற்றார்கள்.

1943 நவம்பரில், ஜப்பானியரிடம் மலாயாவை இழந்திருந்த பிரிட்டன், திரும்பி வந்ததும் அபினைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. 1946இல் தடை வந்தது. நல்ல விஷயம்தானே? ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முப்பது வருஷம் அரசாங்கக் கடையில் வாங்கிய ஆள், ஒரே உத்தரவில் வாடிக்கையாளரிலிருந்து குற்றவாளி ஆகிவிட்டான். சட்டம் ஒரே நாளில் மாறலாம், உடம்பு மாறாது. அபினை நிறுத்தியதும் வரும் உடல்வலி, வாந்தி, குளிர் நடுக்கமெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கலாம். தூக்கமும் மனமும் நிலைக்கு வர மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களை அவர்கள் எங்கே கழிப்பது?

டாக்டர் சென் சூ லான் போன்றவர்கள் இந்தக் கேள்வியைப் போருக்கு முன்பே கேட்டிருந்தார்கள். அவர் 1933இலேயே அபின் பழக்கத்துக்கான சிகிச்சையகத்தை நடத்தினார். அரசாங்கம் தன் பதிலோடு வந்தது 1955இல். தடை வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது.

அந்தத் தீவு நமக்கு அந்நியமில்லை. 1870களிலிருந்து அது நோய்த்தடுப்பு முகாம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் ஊருக்குள் நுழையும் முன் அங்கேதான் காத்துக் கிடந்தார்கள். காத்திருப்பதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் இப்போது அபின்காரர்கள் காத்திருந்தார்கள். தச்சு வேலை, தையல், பிரம்பு பின்னுதல் என்று கைகளுக்கு வேலை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் அங்கே தங்கினார்கள். பிரம்பு பின்னுகிறவனால் அவசரப்பட முடியாது. உழைப்பு ஒரு பக்கம், ஓய்வு ஒரு பக்கம் என்று ஒரு நாளைப் பிரித்து வாழ்வது, வாழ்நாள் முழுக்க ஓடியவனுக்குப் புதுப் பாடம்.

இதைச் சொர்க்கமாக வரையத் தேவையில்லை. அது நீதிமன்றம் அனுப்பி வைத்த இடம், சுற்றிலும் கடல். வெளியே வந்தால் அதே நகரம், அதே கூலி, அதே முதுகுவலி. ஆனாலும், பழக்கத்தை விடுவதற்குக் காலம் வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்ட இடமாக அது இருந்தது.

மையம் 1975இல் மூடப்பட்டது. அதற்குள் ஹெராயின் பரவிவிட்டது. 1977இல் பெரும் சோதனை நடவடிக்கை தொடங்கியபோது, 55 வயதுக்குக் கீழ் உள்ள, உடல்நலம் இடங்கொடுப்பவர்கள் மருந்தில்லாமல் உடனே நிறுத்த வேண்டும் என்பது விதியானது. அதற்குப் பிறகும் உடற்பயிற்சி, வேலை என்று கட்டங்கள் இருந்தன. ஆனால் தொடக்கத்திலேயே உடம்பைப் பழைய அவசரம் பிடித்துக்கொண்டது.

நம் தோட்டங்களில் இதே கதை கள்ளுக்கடையாக நடந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க முதுகு ஒடிய உழைத்தவனிடம் குடிக்காதே என்று மட்டும் சொன்னால் போதாது, அவன் உழைப்பின் நிலைமையும் மாற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றும் ஒருவன் பழக்கத்துக்குத் திரும்பினால் “மன உறுதி இல்லாதவன்” என்று சட்டுன்னு சொல்லிவிடுகிறோம். அவனுக்கு மெல்ல நடக்க எவ்வளவு காலம் கொடுத்தோம், எந்த வேலைக்குத் திருப்பி அனுப்பினோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.