கை மாறி வந்த காதல் கதை

சென்ற மாதம் நான் படித்தவற்றில் பெரும்பகுதி காதல் நாவல்கள்தான். லட்சுமி, ரமணிசந்திரன், முதல் பக்கம் கிழிந்துபோனதால் எழுதியவர் பெயரே தெரியாத சில மாத நாவல்கள், கடைசி வாரத்தில் கைபேசியில் சில புதிய தொடர்கள். அச்சில் படித்த எதையும் புத்தகக் கடைக்குப் போய் வாங்கவில்லை. பாதி மாடிவீட்டு அக்கா கொடுத்தது. மீதி, பூந்தமல்லிக்கு அருகே கரையான்சாவடியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த கட்டிலிருந்து பிரித்தெடுத்தது. ஒவ்வொன்றிலும் முன்பு வைத்திருந்தவர்களின் தடம் இருந்தது. வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை, திருப்பித் தரவேண்டிய தேதிகள் எழுதிய சீட்டு, அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் போட்ட பால் கணக்கு. கதைகளைப் படிக்கப் படிக்க, அவை இந்த ஊர்வரை வந்த பாதையையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. ஆனால் பெண்கள் மாதாமாதம் காத்திருந்து வாங்கிப் படிக்கும் கதை என்னும் வழக்கத்துக்கு வேர் தேடினால் நான் திருவல்லிக்கேணிக்குத்தான் போவேன். அங்கே வாழ்ந்த, 1901இல் பிறந்த வை.மு.கோதைநாயகி அம்மாள் தம் முதல் படைப்பைத் தம் கையால் எழுதவில்லை. சரளமாக எழுத வராத காலம் அது. அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கியவர், வைதேகி என்ற தொடர்கதையோடு ஆரம்பித்து 115 நாவல்கள் வரை எழுதினார். தானே எழுதி, தானே பத்திரிகை நடத்தி, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போய்வந்த பெண் அவர். இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்குக் கிடைத்திருப்பது சில வரிகள்தான். அது போதாது.

அடுத்தவர் லட்சுமி. திரிபுரசுந்தரி என்பது இயற்பெயர். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது படிப்புச் செலவுக்குப் பணமில்லாத நிலை வந்தது. ஆனந்த விகடன் இதழின் உரிமையாளர் வாசனைப் பார்த்துப் பேசி, கதை எழுதிச் சம்பாதித்துப் படிப்பை முடித்தார். பத்திரிகைக் கதை ஒரு பெண்ணை டாக்டராக்கியது. பின்னர் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து திரும்பிய அவருக்கு, ஒரு காவிரியைப் போல நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அந்தக் காலத்துக் கதை ஒரு வீட்டுக்குள் எப்படிப் பயணம் செய்தது என்பதை அக்கா கொடுத்த ஒரு பைண்டு புத்தகம் எனக்குக் காட்டியது. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிளேடால் கீறி எடுத்து, அடுக்கி, முடிந்த பிறகு பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியது. அக்காவின் அம்மா செய்தது. நடுவில் ஒரு அத்தியாயம் இல்லை. அந்த வாரம் வீட்டில் இதழ் வாங்க முடியவில்லையோ, யாராவது எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லையோ! தொடர்ப் பக்கத்தின் பின்பக்கத்தில் பாதி ஜோக், பாதி சமையல் குறிப்பு, ஒரு தைல விளம்பரம். பதிப்பாளர் போடும் நல்ல பதிப்பில் இவை எதுவும் இருக்காது. கதையை யார், எந்த வாழ்க்கைக்கு நடுவே படித்தார்கள் என்பது அந்தத் துண்டுப் பக்கங்களில்தான் இருக்கிறது. தமிழ்ப் பெண்கள் தங்கள் கையாலேயே பதிப்பித்துக்கொண்ட நூல்கள் என்று இவற்றைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பிறகு மாத நாவல் வந்தது. தினத்தந்தி குழுமம் 1969இல் ராணிமுத்துவைத் தொடங்கியது. ஒரே இதழில் முழு நாவல், எளியவர்கள் வாங்கக்கூடிய விலை. மாலைமதி, தேவியின் கண்மணி என்று வரிசை நீண்டது. செய்தித்தாள் காகிதம், இரண்டு பின். பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்கள். பூந்தமல்லி சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாங்கிக் கைப்பையில் செருகிக்கொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போய்வரும் பயணத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். முடிந்ததும் அது அடுத்த இருக்கைக்கு, அடுத்த வீட்டுக்கு, அத்தைக்கு, அத்தை மகளுக்குப் போகும். பழையதைப் பிரித்துப் பார்த்தால் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றிக் காகிதம் பழுப்பேறி நொறுங்குகிறது. நூறு வருடம் இருக்க வேண்டும் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

ரமணிசந்திரன் இந்த உலகத்தின் பெரிய பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளின் தொகுப்பை வெளியிட்டபோது அதில் அவர் கதையும் இடம்பெற்றது. ஒன்றன்பின் ஒன்றாக அவரைப் படித்தால் கதைப்போக்கு பிடிபட்டுவிடும். தன்மானமுள்ள ஏழைப் பெண், வசதியான ஆண், நடுவில் ஒரு தப்பெண்ணம், அதைத் தூண்டிவிடும் ஓர் உறவுக்காரர், கடைசியில் தெளிவு. முடிவு சுபம் என்று முன்பே தெரியும். தெரிந்தும் பக்கத்தைத் திருப்ப வைக்கிறார். அது எளிய திறமை அல்ல.

அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வெளிச்சம் வேறொன்று. நான் படித்தவற்றில் பலவற்றின் அடியில் காதலைவிட ஆழமாக ஓடுவது வீடு பற்றிய பயம். நாயகிக்குப் பெற்றோர் இல்லை, அல்லது சித்தப்பா வீட்டில் ஒண்டியிருக்கிறாள், அல்லது ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டிய நிலை. நாயகனின் வீட்டைப் பற்றிய வர்ணனை நாயகனைப் பற்றியதைவிட நீளம். தங்கையின் ஃபீஸ், அடகு வைத்த வளையல், அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் கணக்கோடு வருகின்றன. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பக்கத்தில் இந்தக் கதைகள் ஏன் கை மாறிக்கொண்டே இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெறும் கனவு என்று இவற்றை ஒதுக்கிய விமர்சகர்கள் அந்தக் கணக்குகளைப் படிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சாதி என்ற சொல்லே தென்படாது. கல்யாணம் ஆனதும் நாயகியின் வேலை பல கதைகளில் மறைந்துபோகிறது. அவளை மீட்பது பெரும்பாலும் பணக்காரனின் மனசுதான், அவளுடைய சம்பளம் அல்ல. இது வருத்தம் தருகிறது. தன் எழுத்தில் சம்பாதித்துப் படித்த லட்சுமியின் வாழ்க்கை இந்த நாயகிகளில் பலரைவிடத் துணிச்சலானது.

இந்தப் புத்தகங்களை நெடுங்காலம் ஊர் ஊராகச் சுமந்தவை வாடகை நூலகங்கள். 1955இல் தொடங்கிய ஈஸ்வரி நூலகம் சென்னையில் பெயர் பெற்றது. புறநகர்களில் ஒற்றை அறையில், டெபாசிட் வாங்கிக்கொண்டு விலையில் ஒரு சிறு பங்கை வாடகையாகப் பெற்று நடந்தவை பல. மதியநேரத்துத் தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு அவற்றில் பல ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எனக்குக் கிடைத்த முத்திரைகள் அப்படி மூடிப்போன இடங்களுடையவை.

கதை நிற்கவில்லை, பாதையை மாற்றிக்கொண்டது. பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபி தமிழிலும் எழுத இடம் கொடுத்தது. 2016இன் இறுதியில் அமேசான் கிண்டிலில் தமிழில் நேரடியாகப் பதிப்பிக்கும் வசதி வந்தது. இப்போது எழுதுபவர்களில் பலர் வீட்டு வேலை முடித்து இரவில் கைபேசியிலேயே அத்தியாயம் தட்டுகிறார்கள். வாசகர்கள் அடுத்த ‘யூடி’, அதாவது அடுத்த அத்தியாயம், எப்போது என்று கேட்கிறார்கள். வேகம் வியப்பூட்டுகிறது. ஆனால் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள் என்று வருபவற்றில் நாயகன் பெண்ணை மிரட்டுவதையும் அடிப்பதையும் காதலின் அடையாளமாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. கோதைநாயகிக்கு நூறாண்டுகளுக்குப் பிறகு நாம் வந்துசேர வேண்டிய இடம் அது இல்லை. உழைத்து எழுதியவரின் நாவலைத் திருட்டு பிடிஎஃப்பாகச் சுற்றுக்கு விடுவதையும் நான் ஏற்கவில்லை. கையிலிருக்கும் பிரதியை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது வேறு, இது வேறு.

மகிழ்ச்சி தருவது ஒலி நாவல். யூடியூபில் முழு நாவலையும் வாசித்துப் போடுகிறார்கள். மாடிவீட்டு அக்காவுக்குக் கண்புரை. “இப்பல்லாம் காய் நறுக்கிக்கிட்டே கேட்டுர்றேன்மா, கண்ணாடி தேட வேணாம்” என்றார். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்தவர்களும் படிப்பவர்களும் இன்னொருவர் கைக்காகக் காத்திராமல் இந்தக் கதைகளைக் கேட்க முடிகிறது என்பது சின்ன விஷயமல்ல.

அச்சில் வந்தவைதான் ஆபத்தில் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களோடு பத்திரிகைகளையும் மலிவுப் பிரசுரங்களையும் சேர்த்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் சென்னையில் இயங்குகிறது, இப்போது தரமணியில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ பாட்டியோ பைண்டு செய்து வைத்த தொடர்கதைகளும் மாத நாவல்களும் இருந்தால், எடைக்குப் போடும் முன் அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன், அதைச் சேர்த்தவரின் பெயரை முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.