ஆண்டிலிருந்து காலாண்டுக்கு

வியன்னாவில் பிறந்த பீட்டர் டிரக்கர் 1954-இல் எழுதிய ‘தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ நூல்தான் இலக்கு வைத்து நிர்வகிக்கும் முறைக்குத் தெளிவான உருவம் கொடுத்தது. மேலிடம் ஏவியதைச் செய்து முடிப்பதோடு நிற்காமல், தன் பிரிவு எதைச் சாதிக்க வேண்டும் என்பதை மேலாளரே வகுத்து, தன்னைத் தானே அளந்துகொள்ளும் முறை அது. அமெரிக்க நிறுவனங்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டன. ஆனால் பல இடங்களில் அது வருடாந்தரச் சடங்காகிச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போடப்பட்டது. அதோடு உயிரும் போயிற்று.

மறுபிறவி கொடுத்தவர் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த ஆண்டி குரோவ். 1970-களில் இன்டெலில் அவர் ஆண்டைக் காலாண்டாகச் சுருக்கினார். ஒவ்வொரு இலக்கின் கீழும், நடந்ததா இல்லையா என்று வாதத்துக்கே இடமில்லாத சில அளவைகளை எழுத வைத்தார்.

இந்த முறைக்குச் சோதனை 1979-இன் கடைசியில் வந்தது. மோட்டரோலாவின் 68000 சில்லு, இன்டெலின் 8086-ஐச் சந்தையில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ‘ஆபரேஷன் கிரஷ்’ என்ற பெயரில் நிறுவனமே திரண்டது. ஓராண்டில் 2,000 புதிய கருவிகளின் வடிவமைப்பில் இன்டெல் சில்லு இடம்பெற வேண்டும். அதாவது விற்பனையாளர் ஒவ்வொருவரும் மாதம் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். 1980-இன் இரண்டாம் காலாண்டில் பொறியாளர்கள் கையில் இருந்த இலக்கு அதைவிடச் சின்னது: மே 30-க்குள் 8 மெகாஹெர்ட்ஸ் சில்லுகள் 500. அதன் கீழே, வரைபடம் ஏப்ரல் 5, சோதனை நாடாக்கள் மே 15 என்று தேதிகள். எனக்கு இந்தத் தாளின் மேல் தனி மதிப்பு உண்டு. ‘உலகின் முதல் நிறுவனமாவோம்’ என்பது போன்ற முழக்கம் அதில் ஒரு வரி கூட இல்லை. திங்கட்கிழமை காலையில் உட்காரும் பொறியாளருக்கு அன்றைக்கு என்ன வேலை என்று அது சொல்லிவிடுகிறது. ஆண்டு முடிவில் கணக்கு 2,000-ஐத் தாண்டியது. அந்த வெற்றிகளில் ஒன்று ஐபிஎம்.

இன்டெலில் இதைக் கற்ற ஜான் டோர், 1999-இல் தான் முதலீடு செய்த சின்ன நிறுவனத்துக்கு அதைக் கொண்டுபோனார். கூகுளில் அப்போது சில பத்துப் பேர்தான். கூட்டம் நடத்த ஒரு பிங்பாங் மேசை. அங்கே யார் இலக்கையும் யாரும் பார்க்கலாம், பத்தில் ஏழு எட்டினாலே நல்ல மதிப்பெண்.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளில் நடத்திய குரோம் உலாவிக் குழு இதற்கு நல்ல சாட்சி. 2008-இல் 2 கோடிப் பயனர்கள் என்று எழுதினார்கள், எட்டவில்லை. 2009-இல் 5 கோடி என்றார்கள், 3.8 கோடியில் நின்றது. 2010-இல் 11.1 கோடி என்று உயர்த்தினார்கள்; அதை எட்டினார்கள். இரண்டு முறை தவறியவர்களின் போனஸை இலக்குத் தாள் வெட்டியிருந்தால், மூன்றாம் முறை எட்டக்கூடிய சின்ன எண்ணைத்தானே எழுதியிருப்பார்கள்?

வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது அதன் மறுபக்கம். கிளைகளில் அன்றாட விற்பனை இலக்கு. தவறினால் வேலைக்கே ஆபத்து. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அடுத்த மாதமே கிளைகளின் விற்பனை இலக்குகளை வங்கி கைவிட்டது.