மாட்டுக்கு ஐந்து நாள், மோட்டார் காருக்கு முப்பது நாள்

லண்டனில் வாழும் எனது தமக்கையின் மகன் சில காலத்துக்கு முன்னர் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தான். பத்து மாதங்களே ஓடிய கார் ஒன்றை வாகன விற்பனை நிலையம் ஒன்றில் வாங்கியிருந்தான். புதுக்காரின் விலையில் சிறிதளவே குறைவு. வாங்கிப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது வண்டி உதறியது. பெருந்தெருவில் ஒருமுறை வேகம் எடுக்க மறுத்து, பின்னால் பாரவூர்தி வந்துகொண்டிருக்க நடுத்தடத்தில் தவித்தது. பின்னிருக்கையில் அவனது இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

விற்பனை நிலையத்தார் கோபிக்கவில்லை. மிகவும் பண்பாகவே பேசினார்கள். “விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துத் தருகிறோம்” என்றார்கள். அந்தப் பண்புதான் அவனைத் தடுமாற வைத்தது.

“மாமா, நீங்கள் எத்தினை கோட்டுச் செய்தி எழுதியிருப்பீங்கள். கடையிலை வாங்கின சேட்டைத் திருப்பிக் குடுக்கலாம். காரைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் ஆக்கள் சிரிக்க மாட்டினமே?”

அவனது கூச்சம் எனக்குப் புதிதல்ல. “விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டா” என்ற வாசகத்தைப் பற்றுச்சீட்டின் அடியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வாங்கியது கெட்டதாக இருந்தால் அது நமது விதி, அல்லது நமது கவனயீனம் என்று எண்ணுவதே நமது பழக்கம். ஆனால் பழைய சட்டங்கள் அப்படி எண்ணவில்லை. அவனுக்குப் பதில் சொல்வதற்காகப் பழைய நூல்களையும் சட்ட அறிக்கைகளையும் புரட்டியபோது ஒரு விடயம் தெளிவாகத் தெரிந்தது. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையின் வரலாறு பெரும்பாலும் நாட்கணக்கின் வரலாறு.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் விற்றதையும் வாங்கியதையும் மீளப்பெறுதல் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. வணிகருக்கு ஓரிரவு, உழவருக்கு மூன்று இரவுகள், கால்நடை வளர்ப்போருக்கு ஐந்து இரவுகள் என்று அது தவணை குறிக்கிறது. மனு நூல் பொதுவாகப் பத்து நாட்கள் தருகிறது. யாக்ஞவல்கியரின் நூல் இன்னும் நுட்பமானது. அது பொருளுக்கேற்பச் சோதனைக் காலத்தை வகுக்கிறது: இரும்புக்கு ஒரு நாள், கறவை மாட்டுக்கு மூன்று நாட்கள், பாரமிழுக்கும் விலங்குக்கு ஐந்து நாட்கள், இரத்தினங்களுக்கு ஏழு நாட்கள், விதைக்குப் பத்து நாட்கள்.

இந்தப் பட்டியலின் பின்னால் உள்ள அறிவைக் கவனியுங்கள். இரும்பைத் தட்டிப் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும். மாடு எவ்வளவு கறக்கும் என்பது மூன்று நாளில் தெரியும். வண்டி மாடு நொண்டுமா, படுத்துவிடுமா என்பதை அறிய அதனை நுகத்தில் பூட்டி ஓட்ட வேண்டும். விதை முளைக்குமா என்பதை மண்தான் சொல்ல வேண்டும். குறை வெளிப்படுவதற்கு எவ்வளவு காலம் வேண்டுமோ, அவ்வளவு காலத்தை வாங்கியவனுக்குக் கொடு என்பதே அந்த விதி. அதே பட்டியலில் அடிமைகளாக வாங்கப்பட்ட மனிதருக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழையவை எல்லாம் பொன்னல்ல.

உரோமாபுரியிலும் இது சந்தையிலேயே பிறந்தது. அங்கே சந்தைகளை மேற்பார்வை செய்த ஈடில் எனப்படும் அதிகாரிகள், அடிமைகளையும் விலங்குகளையும் விற்போர் அவற்றின் மறைந்திருக்கும் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். சொல்லாது விற்றால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கோரலாம். “எனக்கே அந்தக் குறை தெரியாது” என்று விற்றவர் கூறித் தப்ப முடியாது. தெரிந்திருக்க வேண்டியவர் அவரே என்றது உரோமச் சட்டம்.

இந்தச் சட்டம் ஒல்லாந்து வழியாக எங்கள் தீவுக்கும் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தார்கள். தேசவழமை பேசாத விடயங்களில் உரோம-டச்சுச் சட்டம் இடத்தை நிரப்பியது. அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் இருந்த சட்டங்களைத் தொடரவிட்டார்கள். ஆகவே மறைந்திருந்த குறைக்கு விற்றவரே பொறுப்பு என்ற கொள்கை இலங்கைக்கு அந்நியமானதல்ல. பழுதான பண்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கு, கார் என்ற பொருள் உலகில் தோன்றுவதற்கு முன்னரே இங்கு சட்டத்தில் இருந்தது.

இங்கிலாந்தின் மரபு வேறு. வாங்குபவன் விழிப்பாக இருக்கட்டும் என்பதே அங்கு நெடுங்காலம் ஆண்ட கொள்கை. குதிரையின் பல்லைப் பார்க்காமல் வாங்கியவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதுதான். தொழிற்சாலைப் பொருட்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் அந்தக் கொள்கையைச் சிறிது சிறிதாகத் தளர்த்தின. அந்தத் தீர்ப்புகளையெல்லாம் திரட்டிச் சேர் மெக்கன்சி சார்மர்ஸ் வரைந்ததே 1893ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். மூன்றே ஆண்டுகளில், 1896இல், அதன் மறுபதிப்புப் போன்ற கட்டளைச் சட்டம் இலங்கையிலும் வந்தது. அசையும் பொருட்களின் விற்பனையில் உரோம-டச்சுச் சட்டம் வழிவிட, ஆங்கில முறை வந்து அமர்ந்தது.

புதிய சட்டம் ஒரு கையால் கொடுத்தது. வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்றது. மறு கையால் எடுத்தது. வாங்கியவர் பொருளை “ஏற்றுக்கொண்டு” விட்டால் அதனை நிராகரிக்க முடியாது. நியாயமான காலம் கடந்தும் அவர் மௌனமாக இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்றது. நியாயமான காலம் எவ்வளவு? சட்டம் சொல்லவில்லை. யாக்ஞவல்கியர் எண்ணிச் சொன்னதை சார்மர்ஸ் எண்ணாமல் விட்டார்.

அந்த எண்ணப்படாத நாட்களில்தான் மோட்டார் கார் வந்து சிக்கியது. காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். பளபளக்கும் மூடியின் கீழ் என்ன நடக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பல வேளைகளில் விற்பவருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1955இல் ஒருவர் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் புதிய பிளைமவுத் கார் ஒன்றை வாங்கினார். பத்து நாட்களில், 468 மைல் ஓடிய நிலையில், அவரது மனைவி ஓட்டிச் சென்றபோது ஸ்டியரிங் தானாகத் திரும்பி வண்டி சுவரில் மோதியது. ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில், 90 நாட்களுக்குள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதான பாகத்தை மாற்றித் தருவதைத் தவிர வேறு பொறுப்பே இல்லை என்று அச்சிடப்பட்டிருந்தது. 1960இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தப் பொடி எழுத்தைப் பொதுநலனுக்கு முரணானது என்று தள்ளிவைத்தது. பேரம் பேச முடியாதவன் மீது சுமத்தப்பட்ட நிபந்தனை ஒப்பந்தமாகாது என்பதே அதன் சாரம்.

பிரித்தானியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இரண்டு கார் வழக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில், ஒரு ரேஞ்ச் ரோவர் ஆறு மாதங்கள் திருத்தியும் தீராத குறைகளோடு 5,500 மைல்கள் ஓடியிருந்தது. ஓடுகிறதே, பிறகென்ன என்று விற்றவர் தரப்பு வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வண்டி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் மட்டும் போதாது. தகுந்த சௌகரியமும் நம்பகமும், அதன் தோற்றத்தில் உரிமையாளர் கொள்ளும் பெருமிதமும்கூடத் தரத்தில் அடங்கும் என்றது.

இரண்டாவது வழக்கு துயரமானது. புதிய நிசான் கார். வாங்கி மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலம். ஓடியது 140 மைல் மட்டுமே. அதற்குள் இயந்திரம் நெடுஞ்சாலையில் இறுகி நின்றது. தொழிற்சாலையில் தவறி விழுந்த ஒட்டுப்பசைத் துண்டு எண்ணெய் ஓடும் வழியை அடைத்திருந்தது. கார் தரமற்றது என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் வாங்கியவர் அதனை ஓட்டிப் பார்ப்பதற்கான நியாயமான காலம் கடந்துவிட்டது, ஆகவே திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது என்றார். அந்த மனிதர் அக்காலத்தில் நோயுற்றிருந்தார் என்பதும் கணக்கில் எடுக்கப்படவில்லை. அவருக்குக் கிடைத்தது வீடு திரும்பிய செலவும், பாழாய்ப்போன ஒரு நாளுக்கான சிறு தொகையும் போன்றவையே. கண்ணுக்குத் தெரியாத குறையை அவர் எப்படி மூன்று வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்? நுகத்தில் பூட்டாமலே மாட்டுக்கு நாள் முடிந்துவிட்டது.

ஏறக்குறையப் புதிய காருக்கென்றே ஒரு வழக்கும் உண்டு. 1981இல் தயாரான ஃபியட் விளையாட்டுக் கார் ஒன்றை மறுவருடமே ஒருவர் ஆசையோடு வாங்கினார். பிறகுதான் அந்த வண்டி 24 மணி நேரத்துக்கு மேல் நீரில் மூழ்கிக் கிடந்து, காப்புறுதிக் கம்பனியால் கைவிடப்பட்டது என்று அறிந்தார். அதன் வரலாறு தெரிந்திருந்தால் எவரும் அந்த விலைக்கு வாங்கியிருக்கமாட்டார்கள் என்ற அடிப்படையில் அதுவும் தரமற்ற பொருளே என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்மானித்தது. பொருளின் கடந்தகாலமும் அதன் தரத்தின் பகுதி என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அமெரிக்கர்கள் இத்தகைய கார்களை “எலுமிச்சை” என்பார்கள். பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்தப் பெயரையே தாங்கியது. காட்சியறையை விட்டு வெளியேறிய மறுகணமே காரின் விலை ஏன் அவ்வளவு விழுகிறது என்று அவர் கேட்டார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது என்பதே அவரது விடை. நம்பிக்கை இல்லாத சந்தையிலிருந்து நல்ல பொருட்கள் விலகிவிடும், கெட்டவையே மிஞ்சும் என்றார். அக்கட்டுரையைச் சில சஞ்சிகைகள் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு வேறு இருவருடன் பகிர்ந்து கிடைத்தது. 1982இல் கனெக்டிகட் மாநிலம் “எலுமிச்சைச் சட்டம்” இயற்றியது. ஒரே குறை நான்கு தடவை திருத்தியும் தீராவிட்டாலோ, கார் முப்பது நாட்கள் திருத்துமிடத்தில் கிடந்தாலோ தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

பிரித்தானியா 1994இல் தன் சட்டத்தைத் திருத்தி, திருத்த வேலைக்கு உடன்பட்டதாலேயே ஒருவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்றது. 2015ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைகள் சட்டம் கடைசியில் எண்ணிச் சொன்னது: முப்பது நாட்கள். அதற்குள் வியாபாரியிடம் வாங்கிய பழுதான பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பாவித்த காருக்கும் இது பொருந்தும். அதன் வயதும் விலையும் கருத்தில் எடுக்கப்படும். திருத்தக் கொடுத்தால் அந்த நாட்கள் கணக்கில் சேரா. முப்பது நாட்கள் கடந்தால் ஒரு தடவை திருத்தவோ மாற்றவோ வியாபாரிக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் கார் என்றால் ஓடிய ஓட்டத்துக்காக ஒரு தொகையைக் கழிக்கலாம்.

இவற்றை மருமகனுக்குச் சொன்னேன். அவன் பதின்மூன்றாம் நாள் காரைத் திருத்தக் கொடுத்தான். கொடுத்த திகதியை மின்னஞ்சலில் எழுதி வைத்தான். ஒரு வாரத்தில் கார் வந்தது. இரண்டு நாட்களில் உதறலும் வந்தது. அன்றிரவே “நான் இதனை நிராகரிக்கிறேன்” என்று எழுதினான். இன்னொரு தடவை பார்க்கிறோம் என்றார்கள். முப்பது நாட்களுக்குள் நிராகரிப்பவரே குறையை நிரூபிக்க வேண்டியிருப்பதால் சுயாதீனப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையைப் பெற்று அனுப்பினான். அறிக்கை போன பிறகு பண்பான பேச்சுக் குறைந்தது, பணம் வந்தது.

இலங்கையிலும் வழி இல்லாமல் இல்லை. 1896இன் கட்டளைச் சட்டத்துடன், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் உண்டு. வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட்டால், விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. அந்த மூன்று மாதங்களை “பாப்பம், சரிவரும்” என்று கடத்திவிடுவோரே நம்மில் அதிகம்.

மருமகன் பிறகு ஒருநாள் கேட்டான்: “அவையள் நல்லாத்தான் கதைச்சவை மாமா. நான் கொஞ்சம் கடுமையாய் நடந்திட்டனோ?”

இல்லை என்றேன். விற்றவருக்குத் தெரியாத குறையைத் திருப்பிக் கொடுப்பது அவரைக் கள்வர் என்று சொல்வதாகாது. உரோமச் சந்தையிலும் அப்படி இருக்கவில்லை. மாட்டுக்கு நாள் குறித்தவர்களும் மாட்டை விற்றவனை இகழவில்லை. வாங்கியவன் வாயைத் திறப்பதற்கு ஒரு தவணை கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தவணை முடிவதற்குள் பேசிவிட வேண்டும்.